மறைக்கப்படும் வயது, தள்ளிப்போகும் சிகிச்சை

"பத்தொன்பது என்று எழுதிக்கொள்ளுங்கள் டாக்டர்" என்பார் பதினெட்டு நிரம்பாத கர்ப்பிணியோடு வந்த அத்தை. ஆதார் அட்டையைக் கேட்டால் வீட்டில் மறந்துவிட்டதாகப் பதில் வரும். மகப்பேறு மருத்துவர் யாருக்கும் இது புதிதல்ல. வயதைக் கூட்டிச் சொல்வதுகூடப் பெரிதில்லை. அதை மறைப்பதற்காகவே ஏழாம் மாதம்வரை மருத்துவமனைப் பக்கம் வராமல் இருந்துவிடுகிறார்களே, அதுதான் என் கவலை.

"எங்கள் பாட்டி பதினாறில் பெற்றவர்தானே?" என்பார்கள். பிழைத்த பாட்டிகள்தான் பேத்திகளுக்குக் கதை சொல்ல முடியும்.

வளரும் பெண்ணுக்குத் தன் உடலுக்கே இரும்புச்சத்து போதாது. மாதவிடாயில் ரத்தம் இழந்து, காலை உணவையும் தவிர்ப்பவள் ரத்தசோகையோடுதான் கர்ப்பமாகிறாள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் பிரசவ ரத்தப்போக்கு இவள் உயிருக்கே உலை வைக்கும். மூன்றாம் மாதமே வந்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சரிசெய்துவிடலாம். ஒன்பதாம் மாதம் வந்தால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். (மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள்; சத்து சரியாகச் சேராது.)

அடுத்தது ரத்த அழுத்தம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அது 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் போனால் வலிப்பு வரக்கூடும். 20 முதல் 24 வயதுப் பெண்களைவிடப் பதின்வயதினருக்கு இந்த வலிப்பும், பிரசவத்துக்குப் பின் கருப்பையில் தொற்றும் அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் ஆகியவை முன்னறிகுறிகள். தைலம் தேய்த்துப் படுக்கவைக்கும் தலைவலி அல்ல இது. இடுப்பெலும்பு முழுதாக வளராத மிகச் சிறிய வயதில் குழந்தையின் தலை இறங்காமல் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

குழந்தை 37 வாரத்துக்கு முன்பே பிறக்கலாம், எடை இரண்டரைக் கிலோவுக்கும் குறையலாம். அப்படிப் பிறந்தால் மூச்சுத்திணறல், தொற்று, உடல் குளிர்ந்துபோதல் என்று முதல் வாரமே போராட்டம்தான்.

குடும்பங்களின் பெரிய பயம் போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கு. பெண்ணுக்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்றால், திருமணமே ஆகியிருந்தாலும், நாங்கள் போலீசுக்குத் தகவல் தெரிவித்தாக வேண்டும். அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் அதற்காகச் சிகிச்சை மறுக்கப்படாது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவளது பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. சிறுமிகளின் கருக்கலைப்புக்குச் சட்டம் தரும் வரம்பு 24 வாரம். ஏழாம் மாதத்தில் வருபவளுக்கு அந்த வழியும் ஏறக்குறைய அடைபட்டிருக்கும். மருத்துவமனைக்கு வரத் தயங்குபவர்கள் முதலில் 1098 என்ற சிறார் உதவி எண்ணை அழைத்துப் பேசலாம், கட்டணம் கிடையாது.