பழைய கேப் ரிவால்வரும் பிரிட்டன் சட்டமும்: அலமாரியில் வைக்க ஒரு விதி, சுட ஒரு விதி

பிரிட்டனில் தனியார் யாரும் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது என்றுதான் பெரும்பாலும் பேசிக்கொள்கிறோம். ஏறக்குறைய அது உண்மைதான். ஆனால் 1850களில் செய்த ஒரு கோல்ட் நேவி ரிவால்வரை ஏலத்தில் எடுத்து வீட்டு அலமாரியில் வைக்க அங்கே எந்த உரிமமும் தேவையில்லை. அதே ரிவால்வரைச் சுடுகளத்துக்குக் கொண்டுபோய்ச் சுடவும் வழி இருக்கிறது, அதற்கு மட்டும் உரிமம் வேண்டும். இந்த இரண்டு நிலைக்கும் நடுவே உள்ள கோட்டைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் சிக்கலில் மாட்டுபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்குப் பொருந்தும். வட அயர்லாந்தின் துப்பாக்கிச் சட்டம் தனி.

முதலில் கருவியைத் தெரிந்துகொள்வோம். குண்டும் மருந்தும் ஒன்றாக அடைத்த தோட்டா இதில் கிடையாது. உருளையில் உள்ள ஒவ்வொரு அறைக்கும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்ட வேண்டும். அதன்மேல் ஈயக்குண்டை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் அழுத்திக் கெட்டிக்க வேண்டும். குண்டு அறையைவிட ஒரு நூல் பெரிதாக இருக்கும், அழுத்தும்போது ஓரத்திலிருந்து மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு வரும். அப்படி வந்தால் அறை நன்றாக அடைபட்டது என்று அர்த்தம். அப்புறம் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுவார்கள், ஒரு அறையின் தீப்பொறி பக்கத்து அறைக்குத் தாவிவிடக் கூடாது என்பதற்காக. கடைசியாக, பின்பக்கம் உள்ள சிறு முளைகளில் செம்புக் கேப்புகளை மாட்ட வேண்டும். தீபாவளிக்குச் சுட்ட பொட்டுக் கேப்பை நினைத்துக்கொள்ளுங்கள், வேலை செய்யும் விதம் அதேதான். விசையை இழுத்தால் குதிரை எனப்படும் சிறு சுத்தி கேப்பில் அடிக்கும், பொறி முளைத் துளை வழியே மருந்துக்குப் போகும்.

இவை பிரிட்டனில் இவ்வளவு கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1851ஆம் ஆண்டு லண்டன் மாபெரும் கண்காட்சியில் தன் ரிவால்வர்களை அடுக்கிக் காட்டினார். 1853இல் லண்டனில் பிம்லிகோ பகுதியில் தொழிற்சாலையே திறந்துவிட்டார். அவருக்குப் போட்டியாக லண்டன்காரர் ராபர்ட் ஆடம்ஸ் செய்த ரிவால்வர்களை ராணுவ அதிகாரிகள் விரும்பி வாங்கினார்கள். 1857 கிளர்ச்சியின்போது இந்தியாவில் இருந்த ஆங்கில அதிகாரிகளின் இடுப்பில் இந்த இரண்டு வகையும் இருந்தன. அந்தத் தலைமுறையின் பெட்டிகளிலிருந்துதான் இன்றும் பல ஏலத்துக்கு வருகின்றன.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

அலமாரியில் வைப்பதற்கு

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம், பிரிவு 58(2). பழம்பொருளான துப்பாக்கியை அரிய பொருளாகவோ அலங்காரமாகவோ வாங்கினால், விற்றால், வைத்திருந்தால் உரிம விதிகள் அதற்குப் பொருந்தாது என்கிறது இந்தப் பிரிவு. ஆனால் எது பழம்பொருள் என்று அந்தச் சட்டம் சொல்லவே இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உள்துறையின் வழிகாட்டுதலையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் வைத்தே ஓட்டினார்கள். 2021 மார்ச் 22 அன்று நடைமுறைக்கு வந்த பழம்பொருள் துப்பாக்கி விதிகள்தான் முதன்முதலாகச் சட்டபூர்வ வரையறை கொடுத்தன. துப்பாக்கி 1939 செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும். கூடவே, வழக்கொழிந்த தோட்டாக்களின் பட்டியலில் உள்ள ஒன்றுக்கான அறை இருக்க வேண்டும், அல்லது இன்றைய வகைத் தோட்டாவால் இயங்காத பற்றவைப்பு முறை இருக்க வேண்டும். அசல் கேப் ரிவால்வர் இந்த இரண்டாவது வழியில் எளிதாக உள்ளே வந்துவிடும்.

அந்த விதிகள் ஏழு தோட்டா அளவுகளைப் பழைய பட்டியலிலிருந்து நீக்கின. அவற்றுக்கான ரிவால்வர்களைக் குற்றவாளிகள் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் காரணம். அவற்றை வைத்திருந்த சேகரிப்பாளர்கள் 2021 செப்டம்பர் 22க்குள் உரிமம் கேட்கவோ ஒப்படைக்கவோ வேண்டியிருந்தது. கேப் ரிவால்வர்களை இந்த மாற்றம் தொடவில்லை.

மூன்று இடங்களில் ஆட்கள் தவறுகிறார்கள். முதலாவது, நகல்கள். இத்தாலியில் உபெர்ட்டி, பியெட்டா நிறுவனங்கள் செய்யும் புது ரிவால்வர்கள் பார்க்க அப்படியே 1851 மாதிரிதான் இருக்கும். ஆனால் அவை பழம்பொருள் அல்ல, சுவரில் மாட்டி வைப்பதற்குக்கூட உரிமம் வேண்டும். அமெரிக்க இணையப் பக்கங்களைப் படித்துவிட்டு வருபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 வரை செய்தவை மட்டுமல்ல, இத்தகைய நகல்களும் பழம்பொருள் கணக்கில் வரும்.

இரண்டாவது, கூடவே இருக்கும் பொருட்கள். ரிவால்வர் அலமாரியில், குண்டும் கேப்பும் மருந்தும் கீழ் இழுப்பறையில் என்றிருந்தால், இது அலங்காரப் பொருள் என்று போலீசிடம் சொல்லி நிற்க முடியாது. சுடும் எண்ணம் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, பழைய தண்டனை. மூன்று மாதத்துக்குக் குறையாமல், மூன்று ஆண்டுக்கு உட்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றவர் விடுதலையான பின் ஐந்து ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. மூன்று ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆயுள் முழுக்கத் தடை. 2014 முதல் இந்தத் தடை பழம்பொருள் துப்பாக்கிக்கும் சேர்த்துத்தான்.

சுடுவதற்கு

1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியில் 16 குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு 1997இல் வந்த இரண்டு திருத்தச் சட்டங்கள் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தன. குழல் 30 சென்டிமீட்டருக்குக் குறைவாகவோ, மொத்த நீளம் 60 சென்டிமீட்டருக்குக் குறைவாகவோ உள்ள சிறு துப்பாக்கிகள் தடைப்பட்டியலுக்குப் போயின. முன்வாய் வழியே கருமருந்து கெட்டிக்கும் ‘வாய்வழித் துப்பாக்கி’க்கு விலக்கு கிடைத்தது.

அந்த விலக்கின் வாசகத்தைக் கவனியுங்கள். தளர்ந்த மருந்தையும் தனிக் குண்டையும் “குழலின் அல்லது அறையின்” வாய்ப்பக்கமாக நிரப்பும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது. கேப் ரிவால்வரில் குழலின் வாய் வழியே எதுவும் போவதில்லை, அறையின் வாயில்தான் நிரப்புகிறோம். ஆக, “அல்லது அறையின்” என்ற சொற்கள் இல்லாவிட்டால் இந்த விளையாட்டே அந்த நாட்டில் முடிந்திருக்கும். சட்டம் எழுதியவர்கள் அந்த இடத்தில் காட்டிய நிதானத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

விலக்கு என்பது தடையிலிருந்துதான், உரிமத்திலிருந்து அல்ல. உள்ளூர் போலீசிடம் துப்பாக்கிச் சான்றிதழ் பெற வேண்டும். அது ஐந்து ஆண்டு செல்லும். 2025 பிப்ரவரி முதல் புதுச் சான்றிதழுக்குக் கட்டணம் 198 பவுண்ட். இரண்டு பேர் நற்சான்று தர வேண்டும், மருத்துவரிடமிருந்து உடல்நல விவரம் போக வேண்டும், வீட்டில் பூட்டும் இரும்பு அலமாரி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தக்க காரணம் காட்ட வேண்டும். நடைமுறையில் அதற்கு ஒரே நல்ல வழி, இந்த வகைத் துப்பாக்கிக்கு அரசு அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் சேர்வது. குறைந்தது மூன்று மாதம் பயிற்சி உறுப்பினராக இருக்க வேண்டும். என் யோசனை: துப்பாக்கி வாங்கும் முன்பே சங்கத்தில் சேருங்கள். சங்கத்தின் ரிவால்வரைச் சுடுகளத்தில் சுட உங்களுக்குத் தனிச் சான்றிதழ் தேவையில்லை. புகை, பிசுக்கு, சுட்டபின் சுடுநீரில் கழுவும் வேலை எல்லாம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கருமருந்துக்குத் தனி அனுமதி உண்டு. அது வெடிபொருள் விதிகளின்கீழ் வருகிறது, அதையும் போலீஸ்தான் தரும். இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. தோட்டா போடும்படி மாற்றும் உருளைகள் அமெரிக்காவில் விற்கின்றன. ஒன்றை வாங்கி உங்கள் ரிவால்வரில் பொருத்தினால் அது வாய்வழித் துப்பாக்கியாக இருக்காது, தடை செய்யப்பட்ட கைத்துப்பாக்கி ஆகிவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது வந்தவருக்கு அந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஐந்து ஆண்டுச் சிறை. விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே நீதிபதி குறைக்கலாம்.

முறையாகச் செய்பவர்களுக்கு நல்ல துணை இருக்கிறது. 1952இல் தொடங்கிய கிரேட் பிரிட்டன் வாய்வழித் துப்பாக்கிச் சங்கம் போட்டிகளும் பயிற்சியும் நடத்துகிறது. சர்வதேச விதிப்படி 25 மீட்டர் போட்டியில் அரை மணி நேரத்தில் 13 குண்டுகள் சுட வேண்டும், அவற்றில் சிறந்த பத்துக்குத்தான் மதிப்பெண்.

ஊருக்கு எடுத்துவரும் எண்ணம் இருந்தால் ஒன்று: பிரிட்டனின் விலக்கு இந்திய எல்லையில் செல்லாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை இறக்குமதி செய்ய இந்திய உரிமம் வேண்டும், பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடாதீர்கள்.

பழைய வீடு வாங்கியவர்கள் பரணில் இப்படி ஒரு ரிவால்வரைக் கண்டெடுப்பதும் உண்டு. அது கெட்டித்தபடியே இருக்கலாம், உலர்ந்த கருமருந்து நூறு ஆண்டு கழித்தும் வெடிக்கும். குதிரையை இழுத்துப் பார்க்காமல், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல், 101ஐ அழைத்துப் போலீசிடம் சொல்லுங்கள். பழம்பொருள்தான் என்று உறுதியானால் நீங்களே வைத்துக்கொள்ளலாமா என்று அவர்களிடமே கேளுங்கள்.