பிளம்ஸ், புரூன்ஸ், சாவி: லத்தீன் வந்த வழிகள்

சீசனில் கொடைக்கானல் பழக்கடைகளில் பிளம்ஸ் குவிந்து கிடக்கும். அதையே உலர்த்தினால் புரூன்ஸ். 'புரூனம்' என்ற ஒரே லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்த பெயர்கள்தான் இரண்டும். ஆங்கிலத்துக்குள் வந்த காலம்தான் வேறு.

ஆங்கிலேயரின் முன்னோர்கள் பிரிட்டனில் குடியேறும் முன்பே, ரோமானியரோடு பழகியதில் சில லத்தீன் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். பிளம் அப்படி வந்தது. வழியில் 'ர' 'ல' ஆகிவிட்டது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக அடுத்த கூட்டம். புரூன் அதில் சேர்த்தி. அப்புறம் படித்தவர்கள் லத்தீன் நூல்களிலிருந்து நேராக எடுத்தவை. 1899-இல் கொடைக்கானலில் அமைந்த சோலார் அப்சர்வேட்டரியின் பெயரில் இருக்கும் 'சோலார்' அந்த ரகம். 'சோல்' என்றால் சூரியன்.

சரி, எது எப்போது வந்தது என்று எப்படித் தெரியும்? ஒலி காட்டிக்கொடுத்துவிடும். சீஸ் லத்தீனில் 'காசெயுஸ்'. பழைய ஆங்கிலத்தில் அந்த ஆகாரம் ஏகாரத்தின் பக்கம் நகர்ந்தது. இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் நின்ற 'க', 'ச' ஆனது. நமக்கு இது புதிதல்ல: கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. ஆக, இந்த மாற்றம் நடக்கும் முன்பே சீஸ் ஆங்கிலத்தில் இருந்திருக்க வேண்டும். பால் புரதத்துக்கு 19-ஆம் நூற்றாண்டில் அதே சொல்லிலிருந்து வைத்த பெயர் கேசின். மாற்றம் எப்போதோ முடிந்துவிட்டதால் அதில் 'க' தப்பித்தது.

எனக்குப் பிடித்த ஜோடி ஒயினும் வைனும். முன்னது மது, பின்னது திராட்சைக்கொடி. பழைய லத்தீனில் மதுவுக்குப் பெயரான 'வீனம்' என்பதன் முதல் ஒலி உதடு குவித்துச் சொல்வது. அப்போது வாங்கியது ஒயின். பின்னாளில் அது பல் உதட்டில் படும் ஒலியானது. அதற்குப் பிறகு பிரெஞ்சு வழியாக வந்தது வைன்.

லத்தீன் தமிழுக்கும் வந்திருக்கிறது, போர்த்துகீசியர் கப்பலில். 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். மேசை 'மேன்சா'விலிருந்து, அலமாரி 'அர்மாரியம்' என்பதிலிருந்து. சாவிதான் சுவாரசியம். லத்தீனில் அது 'கிளாவிஸ்'. சொல் முதலில் வந்த 'கிள', 'பிள' இரண்டும் போர்த்துகீசியத்தில் பல சொற்களில் 'ச' ஆகிவிட்டன. 'பிளூவியா' என்ற மழை அங்கே 'சூவா'. 'கிளாவிஸ்' அங்கே 'சாவெ' ஆன பிறகுதான் நம் கைக்குச் சாவி வந்தது.