முனையுருண்ட தடித்த எழுத்து: ‘ரவுண்டட் சான்ஸ் செரிஃப் போல்ட்’

‘ரவுண்டட் சான்ஸ் செரிஃப் போல்ட்’ எனப்படும் எழுத்துரு வகையைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்? உரோமன் எழுத்தின் கோடு முடியும் இடத்தில் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கோட்டுக்குச் ‘செரிஃப்’ என்று பெயர். கோடு, கீற்று எனப் பொருள்படும் டச்சுச் சொல்லொன்றிலிருந்து அது வந்திருக்கலாம் என்பர். ‘சான்ஸ்’ என்பது ‘இல்லாத’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்; ஆக, ‘சான்ஸ் செரிஃப்’ என்றால் அந்தச் சிறு கோடு இல்லாத எழுத்து. இலண்டனில் அச்செழுத்து வார்ப்பாளர் நான்காம் வில்லியம் கேஸ்லன் 1816 வாக்கில் இவ்வகை அச்செழுத்தை வெளியிட்டபோது, எகிப்துக்கும் அதற்கும் தொடர்பேதும் இல்லாதிருந்தும், ‘எகிப்தியன்’ என்றே பெயரிட்டார். ‘சான்ஸ் செரிஃப்’ என்னும் பெயரைப் பின்னர் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அதே நகரின் வின்சென்ட் ஃபிகின்ஸ்.

செரிஃபை ‘முனைக்கோடு’ என்றும், அது இல்லாத எழுத்தை ‘முனைக்கோடிலி’ என்றும் சொல்லலாம். ‘போல்ட்’ என்பதற்குத் ‘தடித்த எழுத்து’ ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. இடறுவது ‘ரவுண்டட்’ தான். அதை ‘வட்ட எழுத்து’ எனப் பெயர்த்தால், பாண்டிய, சேர நாட்டுக் கல்வெட்டுகளில் வழங்கிய பழைய வரிவடிவமான வட்டெழுத்தோடு அது குழம்பும், பொருளும் பிழையாகும். ஏனெனில் இங்கே உருண்டிருப்பது எழுத்தின் உடல் அன்று, கோட்டின் முனை மட்டுமே. வளைவுகள் நிறைந்த தமிழில் இந்த வேறுபாடு இன்றியமையாதது: ‘ட’வின் மேல்முனையும் வலமுனையும், ‘ப’வின் இரு மேல்முனைகளும் சதுரமாக வெட்டப்படாமல் அரைவட்டமாக முடிந்தால்தான் அது ‘ரவுண்டட்’. ஆகவே ‘முனையுருண்ட’ என்பதே பொருந்தும். ‘மழுங்கிய’ என்பதில் குறை தொனிக்கிறது.

இவ்வடிவத்துக்குக் கருவியும் ஒரு காரணம். மரத்திலோ உலோகத்திலோ சுழலும் வெட்டுமுனையால் பெயர்ப்பலகை குடையும்போது ஒவ்வொரு கோடும் தானாகவே உருண்டு முடியும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்காக 1979இல் உருவான ‘வாக் ரவுண்டட்’ என்னும் எழுத்துரு இவ்வகையில் பெயர்பெற்றது. ஆப்பிள் கணினிகளின் விசைப்பலகைகளிலும் அது நெடுநாள் இருந்தது. ஜப்பானில் ‘மாரு கோதிக்’ எனப்படும் இதே இனம் சாலைப் பலகைகளில் சாதாரணம்.

தமிழில் எளிதாகக் கிடைக்கும் சான்று, மும்பையின் எக் டைப் என்னும் எழுத்துரு வடிவமைப்புக் குழு உருவாக்கிய ‘பாலூ தம்பி’. இக்குடும்பத்தின் மலையாள எழுத்துரு ‘பாலூ சேட்டன்’ (அண்ணன்), தெலுங்கு ‘பாலூ தம்முடு’ (தம்பி). பெயரிலேயே இதன் இயல்பு விளங்கிவிடுகிறது. நட்பும் விளையாட்டும் தொனிக்கும் இவ்வெழுத்து சிறுவர் நூல் அட்டைக்கும், தின்பண்ட உறைக்கும், செயலிப் பொத்தானுக்கும் பொருந்தும்; நீதிமன்ற அறிவிப்பிலோ இரங்கல் செய்தியிலோ இதை இடுவது, என் கருத்தில், துக்க வீட்டில் பலூன் கட்டுவதற்கு ஒப்பாகும். சிறிய அளவிலும் இது உதவாது: கோடு தடிக்கத் தடிக்க ‘ண’, ‘ஞ’, ‘ணூ’ ஆகியவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை வெளி அடைபட்டு, ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் இடையிலான வேறுபாடே மங்கிவிடும். எனவே தலைப்புக்கு இதை வைத்துக்கொண்டு, உள்ளுரைக்கு மெல்லிய கோடுடைய வேறோர் எழுத்துருவைத் தேர்வதே தகும்.