ஹெட்லைட் கண்ணைக் கூசினால் எஃப்.சி. கிடைக்காது: எங்கே மாட்டிக்கொள்கிறார்கள், எப்படித் தப்பிப்பது

எனக்குத் தெரிந்த ஒருவர் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற தகுதிச் சான்றுக்கு, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வண்டியைக் கொண்டுபோனபோது "லைட் சரியில்லை, பார்த்துட்டு வா" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த லைட், இடதா வலதா, மேலே அடிக்கிறதா, வெளிச்சம் பத்தவில்லையா, ஒன்றும் சொல்லவில்லை. வாசலுக்கு எதிரே இருந்த எலக்ட்ரீஷியன் உச்சி வெயிலில் ஹெட்லைட்டை ஏற்றி இறக்கும் ஸ்க்ரூவைத் திருகிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டார். மறுபடியும் ரிஜெக்ட். அப்புறம் பல்பை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார், அதற்கும் தலையாட்டவில்லை. மூன்று நாள் லோடு போச்சு. வெயிலில் ஒளிக்கற்றை எங்கே விழுகிறது என்று யாருக்குமே தெரியாது, அந்த எலக்ட்ரீஷியனுக்கும்தான்.

விதி சின்னதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, அதில் 106ஆம் விதி. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்புறமாக, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருந்தால், அந்தக் கண் கூசக் கூடாது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், எதிரே வருபவர் வலப்பக்கம் இருப்பார், அதனால்தான் வலப்புறம் என்று இருக்கிறது. புரிந்துகொள்ள வக்கீல் வேண்டாம். இருட்டியதும் வண்டியில் ஒருவரை உட்காரவைத்து டிம் போடச் சொல்லுங்கள், எட்டு மீட்டர் அளந்து நின்று, கண்ணை அந்த உயரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றினால் இன்ஸ்பெக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதில் பலர் ஏமாறுவது சொந்தக் காரில்தான். வாடகை, லோடு வண்டிகளுக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம் எஃப்.சி. உண்டு. சொந்தக் காருக்கு முதல் 15 வருடம் யாரும் லைட்டைப் பார்க்கப்போவதில்லை, அதனால் விதியே நமக்கில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். விதி எல்லா வண்டிக்கும், எல்லா இரவுக்கும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு 177ஆம் பிரிவில் முதல் முறை 500 ரூபாய், மறுபடி மாட்டினால் 1,500 ரூபாய் வரை அபராதம்.

இதைவிடப் பெரிய குழி எல்.இ.டி. பல்பு. ஹாலஜனுக்காகச் செய்த ஹெட்லைட்டில் கடைக்காரர் சொன்னார் என்று எல்.இ.டி.யைச் செருகினால், இழை இருந்த இடத்தில் ஒளி பிறக்காது, கண்ணாடிக் கிண்ணம் அதை எங்கெங்கோ சிதறடிக்கும். பிறகு ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் சரியாகாது, ஏனென்றால் திருகுவதற்கு ஒழுங்கான கற்றையே அங்கே இல்லை. ஹெச்4 வகை ஹாலஜன் பல்பு என்றால் 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55), அதோடு நிறுத்துங்கள். வண்டியைக் கம்பெனி விட்டபடி இல்லாமல் மாற்றினால் 182ஏ பிரிவு வரும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், ஆறு மாதம் வரை சிறை என்றும் எழுதியிருக்கிறது. விற்றவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

ஹெட்லைட்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்பார்கள். போதாது. அது வெளிச்சத்தைக் குறைக்கும், கற்றையைக் கீழே இறக்காது.

சரி, ஆபீஸுக்குப் போவதற்கு முந்தைய இரவே வீட்டுச் சுவரில் பார்த்துவிடுங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், சமதரையாக இருக்கட்டும், ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும், டிக்கி காலியாக இருக்கட்டும். டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு குமிழ் இருக்கிறதா, அதை 0க்குக் கொண்டுவாருங்கள். எண் ஏற ஏற கற்றை கீழே இறங்கும். இது 3இல் இருந்ததை மறந்துவிட்டு ஸ்க்ரூவில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் டேப்பால் குறித்துக்கொண்டு டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏறத்தாழ 10 செ.மீ. கீழே வெட்டின மாதிரி தெரிய வேண்டும், அதாவது ஒரு சதவீதச் சரிவு. உங்கள் வண்டியின் கையேட்டிலோ ஹெட்லைட் பக்கத்து ஸ்டிக்கரிலோ வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. இடது ஓரம் கொஞ்சம் மேலே ஏறினால் பதறாதீர்கள், நம் ஊர் விளக்கு அப்படித்தான், நடைபாதையைக் காட்டுவதற்கு. வலது ஓரம் ஏறினால், வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கை யாரோ தலையில் கட்டிவிட்டார்கள். அதைத் திருகிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

லோடு வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. காலியாக வைத்துச் சரிசெய்துவிட்டுப் பின்னால் பாரம் ஏற்றினால் மூக்கு தூக்கும், கற்றையும் தூக்கும். குமிழ் இருந்தால் பாரத்தோடு கிளம்பும்போது எண்ணை ஏற்றி, கற்றையைக் கீழே இறக்குங்கள்.

இவ்வளவும் செய்தும் திருப்பி அனுப்பினால்? இங்கேதான் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 56ஆம் பிரிவின்படி, தகுதிச் சான்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். "பார்த்துட்டு வா" என்பது காரணம் இல்லை. "எழுதிக் கொடுங்க சார், எதைச் சரிசெய்யணும்னு தெரிஞ்சா சரிசெஞ்சிடுவேன்" என்று பணிவாகவே கேளுங்கள், ப்ரோக்கரிடம் ஓடாதீர்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். எழுதிக் கொடுத்த காரணம் தப்பு என்று தோன்றினால், அந்த உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 57ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். தேதியோடு வாங்குங்கள், தேதி இல்லாத தாளை வைத்துக்கொண்டு நாளை எண்ண முடியாது.

குட்டி யானைக்காரர் நான்காவது தடவை கேட்டு வாங்கினார். மூன்றே சொல்: இடது விளக்கு, உயரம். அன்று இரவு சுவரில் பார்த்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.