வீக்கம் வடிந்தால் நோய் தீர்ந்துவிட்டதா?

சென்ற வாரம் நள்ளிரவில், படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்த ஓர் அம்மாவை அழைத்து வந்தார்கள். இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் பலவீனமாகி ரத்தத்தைப் போதிய அளவு இறைக்க முடியாத நிலை, அவருக்கு இருந்தது. கால் வீக்கம் முழுவதும் வடிந்துவிட்டதாலும், நீர் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று யாரோ சொன்னதாலும், மூன்று வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்திவிட்டதாக மகன் சொன்னார். இதே காரணத்துக்காக இந்த மாதம் நான் அனுமதித்த நான்காவது நோயாளி அவர்.

வீக்கம் நோயன்று, நோயின் அடையாளம். இதை எத்தனை முறை சொன்னாலும் காலை அழுத்திப் பார்த்துக் குழி விழவில்லையென்றால் குணமாகிவிட்டதாகவே நினைக்கிறார்கள். மருத்துவர்களும் நெடுங்காலம் இந்தப் பிழையைச் செய்தவர்கள்தான். ஐரோப்பாவில் உடலில் நீர் கோப்பதையே ‘டிராப்சி’ என்று ஒரு தனி நோயாகக் கருதி, ரத்தத்தை வடித்தும் பேதிக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். இங்கிலாந்தின் வில்லியம் விதரிங், ஷ்ரோப்ஷையரைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் கைமருந்தில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகளில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் என்ற செடிதான் என்று கண்டு, பத்தாண்டு அனுபவத்தை 1785இல் நூலாக்கினார். அச்செடி இதயத் துடிப்பின் மீது செல்வாக்குச் செலுத்துவதை அவர் கவனித்திருந்தும், சிறுநீரைப் பெருக்கும் மருந்தாகவே அதைப் பெரிதும் பயன்படுத்தினார். 1827இல் ரிச்சர்ட் பிரைட் சிறுநீரக நோயாலும் வீக்கம் வரும் என்று காட்டிய பிறகே, ஒரே வீக்கத்துக்குப் பின்னால் வெவ்வேறு உறுப்புகளின் கோளாறு இருக்கலாம் என்பது தெளிவாகத் தொடங்கியது. அதன் பிறகும்கூட, கால் தோலில் சிறு குழாய்களைச் செருகி நீரைச் சொட்டுச் சொட்டாக வடித்தார்கள்; அந்தத் துளைகளின் வழியே தொற்று புகுந்தது.

1919இல் வியன்னாவில், மேக நோய்க்காகப் (சிஃபிலிஸ்) பாதரச ஊசி போடப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சிறுநீர் பல மடங்கு பெருகியதை, அளவுக் குறிப்புகளைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர். (செவிலியர் எழுதும் அளவுத்தாளை அலட்சியமாகப் புரட்டும் இளம் மருத்துவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.) அப்படி நீரை வடிக்கும் மருந்தான பாதரசத்தின் இடத்தை 1950களின் இறுதியில் தயசைடு, 1960களில் ஃபுரோசமைடு ஆகிய நீர் மருந்துகள் பிடித்தன.

ஆனால் ஆயுளை நீட்டிய மாற்றம் வேறு. 1987இல் வெளியான ஓர் ஆய்வில் எனலாப்ரில் என்ற மாத்திரை, கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் இறப்பைக் குறைத்தது. 1999இல் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரையும் அவ்வாறே செய்தது. உங்கள் சீட்டில் உள்ள சில மாத்திரைகள் கண்ணுக்குத் தெரியும்படி எதையும் வடிக்காமல் இருக்கலாம், ஆயினும் பலவீனமான இதயத்தை நாள்தோறும் காப்பவை அவையே.

சிறுநீரகத்தைப் பற்றிய அச்சம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து அளவை மாற்றலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயம் தளர்ந்து ரத்தம் தேங்கினாலும் சிறுநீரகம் கெடும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே எடைக் கருவியில் எடை பாருங்கள். மூன்று நாட்களில் இரண்டு கிலோ கூடினால் வீக்கம் தெரியும்வரை காத்திருக்காமல் வாருங்கள். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வேண்டாம். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோஃபினாக் வாங்கிப் போடாதீர்கள், அது நீரை மீண்டும் தேக்கும். இரவில் மூச்சுத் திணறாமல் படுக்கத் தலையணை ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்டால், தயவுசெய்து அன்றைக்கே சொல்லுங்கள்.