உங்கள் ஊர்க் கல்லுக்கு டன்னுக்கு 24 ரூபாய்

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொறியாளராக இருந்தபோது, கிராம சபைக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வெடி வைக்கும் நேரம், டிப்பர் போகும் பாதை எல்லாம் பேசி முடித்ததும் ஓர் அம்மா எழுந்தார். வாசலில் காயவைத்த வடகத்தைத் தட்டோடு கொண்டுவந்திருந்தார். தட்டின் விளிம்பில் விரலால் ஒரு கோடு இழுத்தார். தூசி விலகி எவர்சில்வர் பளிச்சென்று தெரிந்தது. "எங்க ஊர்க் கல்லு லாரி லாரியாப் போவுது தம்பி. எங்களுக்கு என்ன வருது?"

பள்ளிக்கு நோட்டு கொடுத்ததையும் கண் சிகிச்சை முகாம் நடத்தியதையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் தர்மம் கேட்கவில்லை, பங்கு கேட்டார். அந்தப் பங்கு சட்டத்திலேயே இருக்கிறது.

2015-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது, சுரங்கத்தால் பாதிக்கப்படும் மாவட்டங்களில் மாவட்ட கனிம அறக்கட்டளை அமைக்க வழி செய்தார்கள். சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், வெட்டும் கனிமத்துக்காகக் கட்டும் ராயல்டி (உரிமைத் தொகை) மாநில அரசுக்குப் போய்விடும். அதற்கு மேல் குத்தகைதாரர் இந்த அறக்கட்டளைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். 2015 ஜனவரி 12-க்கு முந்தைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம், பிந்தையது என்றால் 10 சதவீதம். சிமென்ட்டுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லுக்கு ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். ஆக, பழைய குத்தகையில் எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 24 ரூபாய். வருடம் 10 லட்சம் டன் எடுத்தால் 2 கோடியே 40 லட்சம். (ஜல்லி, கிரானைட் குவாரிகளுக்கு மாநில அரசின் விதிகள் தனி.)

சுரங்கம் வந்தால் வேலை கிடைக்கும் என்று ஊரில் நம்புவார்கள். இன்று பெரிய இயந்திரங்கள்தான் கல்லை வெட்டுகின்றன. ஆள் கொஞ்சம் போதும். அதனால் நிலையான நன்மை இந்த நிதியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. 2024-இல் வந்த புதிய வழிகாட்டுதலின்படி குறைந்தது 70 சதவீதம் குடிநீர், மருத்துவம், கல்வி, சுகாதாரம், தொழிற்பயிற்சி போன்றவற்றுக்குப் போக வேண்டும். சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்கள் நேரடியாகப் பாதிக்கப்பட்டவை.

ஆனால் கேட்காத ஊருக்கு இது தானாக வந்து சேராது. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். "அடிப்படை வசதி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் கோப்பு நகராது. எந்தத் தெருவுக்குக் குடிநீர், எத்தனை பேருக்கு நுரையீரல் பரிசோதனை, எத்தனை இளைஞர்களுக்குக் கனரக வாகன உரிமமும் பயிற்சியும் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். அறக்கட்டளைக்குக் கலெக்டர்தான் தலைவர், அவரிடம் நேரில் கொடுங்கள். வரவு செலவும் கூட்டக் குறிப்புகளும் அறக்கட்டளையின் இணையதளத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் கேளுங்கள்.

அப்புறம், சுரங்கம் நடத்துபவர் தன் கைக்காசில் செய்ய வேண்டியதை இந்தப் பணத்தில் கேட்டுவிடாதீர்கள். டிப்பர் பாதையில் தண்ணீர் தெளிப்பது சுற்றுச்சூழல் அனுமதியிலேயே வழக்கமாக இருக்கும் நிபந்தனை. இதை அந்த அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். அடுத்த கிராம சபையில் குடிநீருக்கு ஒரு தீர்மானம் கலெக்டருக்குப் போனது, தூசிக்கு ஒரு தீர்மானம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அதுவரை காலையில் மட்டும் ஓடிய தண்ணீர் லாரி, மதியமும் ஓட ஆரம்பித்தது.