இயக்க நரம்பணு நோய்

மோட்டார் என்றதும் தண்ணீர் இறைக்கும் எந்திரம்தான் நினைவுக்கு வரும். தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் சிதைந்து தசை தளர்ந்துபோவதுதான் 'மோட்டார் நியூரான் நோய்'. அதில் உள்ள மோட்டாருக்கும் வேர் அதேதான்: அசைத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினை. நியூரான் கிரேக்கச் சொல். முதலில் அது தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தது. 1891இல் வால்டையர் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர் அதை நரம்புச் செல்லுக்குப் பெயராக்கினார். நம் நரம்பும் சங்கப் பாடல்களில் யாழின் தந்திதான். இரண்டு மொழியிலும் இழுத்துக் கட்டிய நாணே உடலுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது!

தமிழில் 'இயக்க நரம்பணு நோய்' என்பது நல்ல சொல். 'இயங்கு நரம்பணு' என்றால் பொருள் புரண்டுவிடும். அந்த அணு தானாக இயங்குவதில்லை, தசையை இயக்குகிறது.

சரி, சிக்கல் மொழிபெயர்ப்பில் இல்லை, மூலப் பெயரிலேயே இருக்கிறது: அது தசை இயக்கத்தை மட்டுமே சுட்டுகிறது. இந்நோயின் முக்கிய வகையை ஷார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1869இல் விவரித்தார். தசை மட்டும்தான் தளரும், அறிவும் உணர்வும் தப்பிவிடும் என்றே அதற்குப் பின் நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிதிறனிலோ நடத்தையிலோ மாற்றம் வருகிறது. சிலருக்கு அது மூளையின் நெற்றிமடலையும் பொட்டுமடலையும் தாக்கும் டிமென்ஷியா (அறிவுத்திறன் சிதையும் நோய்) வரை போகும். டிமென்ஷியாவை 'மறதிநோய்' என்று எழுதும் பழக்கம் இங்கே ஆளை ஏமாற்றும். இவர்களிடம் முதலில் தெரிவது பெரும்பாலும் மறதியல்ல. திட்டமிடுவதில் தடுமாற்றம், பிறர் மேல் அக்கறை வற்றிப்போவது.

இது ஏன் கண்ணில் படுவதில்லை? ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். நாக்குக் குழறுகிறவர் ஐந்தே சொல் சொன்னால், குறை நாக்கிலா, யோசனையிலா? இந்நோயாளிகளின் அறிதிறனை அளக்க எடின்பரோவில் உருவான ஈகாஸ் (ECAS) சோதனை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அவர் சொன்ன அதே சொற்களைத் திரும்ப வாசிக்கச் சொல்லி, அதற்கு ஆன நேரத்தை அந்த ஒரு நிமிடத்திலிருந்து கழித்துவிடுவார்கள். பேச முடியாதவர் என்றால் பார்த்து எழுதச் சொல்வார்கள். மிச்சத்தைச் சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு சொல்லை யோசிக்க ஆன நேரம் கிடைத்துவிடும். (தமிழில் நடத்தினால் 'க' மட்டுமா, 'கா, கி, கீ'யும் சேருமா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.)

அப்புறம் உணர்வு. தமிழில் இது மன உணர்ச்சிக்கும் இழுபடும் சொல் என்பதால் 'புலனுணர்வு' என்று எழுதுவதே மேல். அதிலும் மாற்றம் உண்டு. தோலில் ஒரு துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் சிலருக்குப் புலனுணர்வைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகள் குறைந்திருக்கின்றன. மரத்துப்போகிறது என்று அவர் வாய்திறந்து சொல்லியே இருக்க மாட்டார்.